மார்கழி விடுமுறையில் நாய் வளர்க்கும் வீட்டாருக்கு

அன்புள்ள நாய் வளர்க்கும் வீட்டாருக்கு,

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, போகி, பொங்கல், காணும் பொங்கல் என்று இனி ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் நம் வீடுகளில் ஆள் நடமாட்டமும் ஓயாது, அடுப்பும் ஓயாது. சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாயைப் பிள்ளைபோல வளர்க்கிறவர்களுக்குத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கட்டிலில் இடம் கொடுத்து, எந்த மெத்தை விரிப்பு அதற்குப் பிடிக்கும் என்பதுவரை தெரிந்துவைத்திருக்கிறவர்கள் நீங்கள். செல்லத்தைக் குறையுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. விடுமுறை நாட்களில் அந்தச் செல்லம் நாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்பதைத்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு லட்டுவுக்கு ஒன்பது வயது. லாப்ரடார். அவளுடைய ஒரு நாளைச் சொன்னால் நான் சொல்லவருவது விளங்கும். மார்கழியில் தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கி விடிகாலையில் திருப்பாவையைத் தொடங்கியதும் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். யாரும் அசையவில்லை என்றால் திரும்பப் படுத்துக்கொள்வாள். என் கணவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலில் நிற்பாள். நடை முடிந்து வந்தால் நிலைப்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு காலாக நீட்டுவாள். முன் வலது கால்தான் முதலில், அதை விட்டு வேறு காலைத் துடைக்கப் போனால் இழுத்துக்கொள்வாள். சாப்பாடு முடிந்ததும் சமையலறை வாசலில் குளிர்ந்த டைல்ஸ் மேல் தூக்கம். வேலைக்கு வரும் அக்கா கதவைத் தட்டுவதற்கு முன்பே, மாடிப்படி ஓசையிலேயே எழுந்து வாலாட்டத் தொடங்குவாள். "என்னடி, சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்கவேண்டும், கேட்டால்தான் வழிவிடுவாள். மதியம் பூஜை அலமாரிக்குக் கீழே ஒரு தூக்கம். சாயங்காலம் பையனின் பள்ளி வேன். இருட்டுவதற்குள் இன்னொரு நடை. இரவில் மாமியார் சாப்பிட்டு முடித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் ஒரு வாய் தயிர்சாதம். அதை நக்கிவிட்டால் அவளுக்கு அந்த நாள் முடிந்தது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றுமில்லாத வாழ்க்கை. அவளுக்கோ இதுதான் சொத்து. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறையப் பாதி நேரம் தூங்கும். மிச்ச நேரத்தை எதிர்பார்ப்பில் கழிக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதுதான் அதன் நிம்மதி. நமக்கு விடுமுறை என்றால் வழக்கத்திலிருந்து விடுபடுவது. நாய்க்கும் அதையே கொடுத்தால், அதனிடமிருந்து நாம் பிடுங்குவது அதன் ஒரு நாளின் ஒழுங்கையே. மார்கழிக் கடைசியில் வயிற்றுப்போக்கும் பசியில்லாமையும் உள்ள நாயோடு மருத்துவரிடம் வந்து நிற்கும் குடும்பங்களில் அதை அலட்சியமாக வைத்திருப்பவர்கள் குறைவு. ஆசையில் ஊட்டியவர்களே அதிகம்.

ஆகவே சாப்பாட்டை முதலில் பேசிவிடுகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது.

பிளம் கேக் பக்கத்து வீட்டிலிருந்து வரும். அதில் ரம்மில் ஊறிய உலர்திராட்சை இருக்கும். சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் பொரித்த உலர்திராட்சை இருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். எதனால் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் ஒன்றும் ஆகாமல் திரியும், இன்னொன்று சிலவற்றைத் தின்றே சிறுநீர் பிரியாமல் படுத்துவிடும். 2021இல் அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ விலங்குநல அமைப்பைச் சேர்ந்த விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள், திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். பழத்துக்குப் பழம், வகைக்கு வகை அந்த அமிலத்தின் அளவு மாறும் என்பதால் பாதிப்பும் மாறுகிறது என்பது அவர்கள் கருத்து.

நம் வீடுகளுக்கு வேண்டிய செய்தி அதற்கு அடுத்ததாக வந்தது. 2022இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, கேக் வேலைக்குப் பயன்படும் கிரீம் ஆஃப் டார்ட்டரையும் புளியையும் தின்ற நாய்களுக்கு அதேபோலச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவுசெய்தது. புளியிலும் இருப்பது அதே அமிலம்தான். மார்கழி முழுக்கக் கோயிலிலிருந்து தொன்னையில் வரும் புளியோதரையை நினைத்துப் பாருங்கள். பிரசாதம் என்று ஒரு கவளம் நாய்க்கும் போடும் வீடுகள் எத்தனை! பக்தியிலும் பாசத்திலும் செய்வது அது. இனி வேண்டாம். புளிக்குழம்பு ஊற்றிய சோறும் வேண்டாம், ஊறவைத்துப் பிழிந்த புளிச்சக்கை கிடக்கும் குப்பைக்கூடையைத் திறந்துபோடவும் வேண்டாம்.

மற்றவை உங்களில் பலருக்குத் தெரிந்தவையே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாக்லேட்டில், அதிலும் கோகோ அதிகமுள்ள கறுப்புச் சாக்லேட்டில், தியோபுரோமின் இருக்கிறது. நாயின் உடம்பு அதை மெதுவாகத்தான் வெளியேற்றும், இதயத் துடிப்பு எகிறும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில இனிப்புகளிலும் உள்ள சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். பிரியாணியிலுள்ள வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். நெய் சொட்டும் பலகாரம் கணையத்தை வீங்கவைக்கும். கரும்பை மென்று துப்பத் தெரியாமல் சக்கையோடு விழுங்கும் நாய்களும் உண்டு; சக்கை குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைவரை போகும்.

ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் "பார்க்கலாம், சும்மாதானே இருக்கிறது" என்று காத்திருக்காதீர்கள். உலர்திராட்சை தின்ற நாய் முதல் சில மணி நேரம் விளையாடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு வாந்தி எடுக்கும். சிறுநீரகம் கெட்டுப்போனது தெரியவர ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். ஆரம்பத்திலேயே கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து வெளியேற்றிவிடுவார். வீட்டில் உப்புக் கரைசலை வாயில் ஊற்றுகிற பழைய வைத்தியம் மட்டும் கூடவே கூடாது, உப்பே விஷமாகிவிடும்.

கண்ணைப் பார்த்துக் கெஞ்சுகிறதே, எப்படிக் கொடுக்காமல் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பார்வை தெரியும். லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியடங்குவதைச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு குறைந்திருக்கிறது. அதே குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்ட நாய்களுக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பசி கூடுதலாக எடுப்பதும், ஓய்வில் இருக்கும்போது அவற்றின் உடம்பு கால்வாசி குறைவாகவே கலோரியைச் செலவழிப்பதும் தெரியவந்தது. அதாவது அந்த நாய் நடிக்கவில்லை. உண்மையாகவே பசிக்கிறது, போட்டாலோ உடம்பில் ஏறிவிடுகிறது. பேராசை பிடித்தது என்று அதைத் திட்டுவதும் தப்பு, பாவம் என்று போட்டுக்கொண்டே இருப்பதும் தப்பு.

கொடுக்கவேண்டும் என்ற ஆசைக்குப் பொங்கல் நாளைப்போல வசதியான நாள் வேறு இல்லை. வெல்லம் சேர்ப்பதற்கு முன் பானையிலிருந்து குழைந்த சோற்றை ஒரு கரண்டி எடுத்துவையுங்கள். கூட்டுக்கு நறுக்கும் பரங்கிக்காயிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் ஒரு துண்டு எடுத்து, உப்பும் புளியும் போடாமல் தனியாக வேகவைத்துப் பிசைந்து கொடுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த கோழியிறைச்சி, எலும்பு எடுத்தது, கொஞ்சம். அன்றைய வழக்கமான சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். விருந்தினர்களிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, "இவளுக்கு ஏதாவது போடணும்னா இதிலிருந்து போடுங்க" என்று சொல்லிவிட்டால் மனக்கசப்பும் வராது. எங்கள் வீட்டில் கிண்ணத்தில் கேரட் துண்டுகள் இருக்கும். வந்தவர்களுக்குக் கொடுத்த திருப்தி, லட்டுவுக்குக் கிடைத்த திருப்தி.

இனி ஆட்கள். விடுமுறைக்கு வரும் அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் நாயைப் பார்த்ததும் கட்டிப்பிடிப்பார்கள். அது தூங்கும்போது மேலே படுப்பார்கள். சாண்டா குல்லாயை மாட்டிப் படம் எடுப்பார்கள். குல்லாயின் எலாஸ்டிக் தாடைக்குக் கீழே அழுத்துவதை அந்த நாய் பொறுத்துக்கொள்வதைப் பார்த்து "எவ்வளவு சமத்து" என்போம். அது அடிக்கடி கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்குகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். "போதும், விடுங்கள்" என்று நாய் சொல்லும் முறை அது. அதைப் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் உறுமும். உறுமியதற்காக அடித்தால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்கள் பழகிய நாய்களே என்று பல நாட்டு ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. நல்ல நாய் என்ற பெயர் எடுத்த நாய்க்கும் பொறுமைக்கு எல்லை உண்டு, அதைச் சோதிக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடக் கூடாது. கட்டிலுக்கு அடியோ, பால்கனியை ஒட்டிய மூலையோ, அது அங்கே போய்ப் படுத்தால் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள். பிள்ளைகளுக்குச் சொன்னால் கேட்பார்கள். பெரியவர்களுக்குத்தான் இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கும்.

ஆட்கள் நிறைந்த வீட்டில் இன்னொன்றும் நடக்கும். தாழ்வான மேசையில் வைத்த பலகாரத் தட்டை நாய் காலிசெய்துவிடும். எல்லோரும் சேர்ந்து திட்டுவார்கள். காதை மடக்கி, தலையைத் தொங்கவிட்டு, வாலைக் கால்நடுவே இடுக்கிக்கொண்டு நிற்கும். "செய்த தப்பு அதுக்கே தெரியுது பாருங்க" என்பார்கள். நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியில் நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்றது என்று நினைத்து வளர்ப்பவர் திட்டியபோதெல்லாம், உண்மையில் தின்னாத நாயும் அந்த முகத்தையே காட்டியது. அந்த முகம் வருவது செய்த குற்றத்தால் அல்ல, கேட்ட குரலால். பண்டிகை வீட்டில் நம் கோபத்துக்குப் பயந்து நிற்கும் ஒரு பிராணியை, மனச்சாட்சி உறுத்தி நிற்பதாக நினைத்து நாம் சிரிக்கிறோம். தட்டை உயரத்தில் வைக்காதது நம் தப்பு. அதற்கு ஏன் அது திட்டு வாங்கவேண்டும்?

டிசம்பர் 31 இரவைப் பற்றித் தனியாகவே சொல்லவேண்டும். தீபாவளிக்கு நாமே தயாராக இருப்போம். புத்தாண்டு வெடி அப்படியில்லை, ஊர் அமைதியாக இருக்கும்போது நள்ளிரவில் எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் வெடிக்கும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். ராக்கெட் கிளம்பும்போது வரும் கீச்சு நமக்குக் கேட்பதுபோலவா அதற்குக் கேட்கும்? நடுங்கும், எச்சில் வழியும், கழிவறைக்குள் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சில நாய்கள் திறந்த கதவைப் பார்த்தால் ஓடும். "ஹாப்பி நியூ இயர்" சொல்ல வந்தவர்களுக்காகத் திறந்த கதவு அது. மறுநாள் காலையில் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் காணாமல்போன நாய்களின் படங்கள் வருவதைப் பார்க்கிறோமே, பாதிக் கதை இந்தக் கதவில்தான் தொடங்குகிறது.

அன்றைக்கு மாலை நடையை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். சாப்பாட்டையும் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்து, ஏசியோ மின்விசிறியோ ஓடும் அறையில், தொலைக்காட்சியின் வழக்கமான பேச்சுச் சத்தத்தோடு இருக்கட்டும். கட்டிலுக்கடியில் போனால் வெளியே இழுக்காதீர்கள். பயப்படும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே இருக்கிறது, அது சரியில்லை. பயம் என்பது வேலையல்ல, பரிசு கொடுத்து அதிகப்படுத்துவதற்கு. பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும், கையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பழகட்டும் என்று மொட்டைமாடிக்கு வாணவேடிக்கை காட்டக் கூட்டிப்போவதைப்போலக் கொடுமை வேறில்லை.

ரொம்பவும் பயப்படும் நாய் என்றால் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் போங்கள். உடம்பை மட்டும் கட்டிப்போட்டு, உள்ளே பயத்தை அப்படியே விட்டுவைக்கும் மருந்துகள் உண்டு; பதற்றத்தையே தணிக்கும் மருந்துகளும் உண்டு. இரண்டாவது வகையைக் கேளுங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இரவில் எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதையும் 31ஆம் தேதி பகலிலேயே போன் செய்து கேட்டு எழுதிவையுங்கள்.

போகிக்கு மேளமும் புகையும் சேர்ந்து வரும். 2018 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் புகையைத் தரையோடு தரையாக மூக்கை வைத்து நடக்கும் பிராணி எப்படித் தாங்கும்? பக், ஷிட்ஸூ, புல்டாக் போன்ற சப்பைமூக்கு நாய்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு திணறும். அன்றைய காலை நடையைப் புகை அடங்கும்வரை தள்ளிப்போடுங்கள், தள்ளிப்போட முடியாவிட்டால் கீழே இறங்கிப் போகவேண்டியதை முடித்துவிட்டு உடனே மேலே வந்துவிடுங்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்காமலிருந்தால் நாய்க்கும் நல்லது, மாடிவீட்டுப் பாட்டிக்கும் நல்லது.

குளிர் என்று சொல்லிச் சட்டை போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் வெப்பம் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். லாப்ரடாருக்கும் கோல்டன் ரிட்ரீவருக்கும் ஹஸ்கிக்கும் இரட்டை அடுக்கு முடி. இந்த ஊரில் அவை உடம்பு எரியாமல் இருக்கிற மாதங்களே இவைதான். அவற்றுக்கு ஸ்வெட்டர் தேவையில்லை. ஒட்டிய முடியும் கொழுப்பில்லாத உடம்பும் கொண்ட சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களுக்கும், மூட்டுவலி வந்த கிழட்டு நாய்க்கும் தரையில் கனமான விரிப்பு போதும். விடுமுறைக்கு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ உடன் கூட்டிப்போகிறீர்கள் என்றால் அது வேறு, அங்கே உறைபனி விழும், சட்டை வேண்டும்.

ஸ்வெட்டருக்குச் செலவழிக்க நினைத்ததை நேரமாகச் செலவழியுங்கள். தரை சுடாத, காற்று கனக்காத இந்த மாதங்களில் காலை நடையை நீட்டுங்கள். அதைவிட முக்கியம், மோப்பம் பிடிக்க நில்லுங்கள். லட்டு எங்கள் தெருவின் மின்பெட்டியருகே நிற்கும்போது நான் பட்டையை இழுப்பதில்லை. முந்தின இரவு யார் யார் வந்துபோனார்கள் என்று அவள் அங்கே படித்துத் தெரிந்துகொள்கிறாள். அதே ஹொரோவிட்ஸ், ஷார்லட் டுராண்டனோடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் மோப்ப விளையாட்டு விளையாடிய நாய்கள் தெளிவில்லாத சூழ்நிலையை நம்பிக்கையோடு அணுகின. வெறுமனே பக்கத்தில் நடக்கப் பழக்கப்பட்ட நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை. பழைய துண்டை விரித்து, நாலைந்து பிஸ்கட் துணுக்குகளை உள்ளே போட்டுச் சுருட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். இதில் நாய் களைத்து நிம்மதியாகத் தூங்கும்.

நடந்து வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு உண்ணிகள் பெருகியிருக்கும். காதுமடலின் உள்ளே, கழுத்துப்பட்டைக்குக் கீழே, கால்விரல்களின் நடுவே தேடுங்கள். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், காய்ச்சலோடு இருந்தால் உண்ணிக்காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பண்டிகை அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். வாசலில் போடும் வண்ணக்கோலப் பொடியும் பாதத்தில் ஒட்டும். பிறகு அதை நக்கும். வாசலுக்கு முன்னால் மட்டுமாவது அரிசிமாவுக் கோலம் போட்டால் எறும்புக்கும் ஆயிற்று, நாய்க்கும் ஆயிற்று.

ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. ரயிலில் நாயோடு ஒரே பெட்டியில் போவதென்றால் ஏசி முதல் வகுப்பில் கூபேயோ கேபினோ முழுவதையும் எடுத்தாகவேண்டும். இல்லையென்றால் அது தனியாகக் கார்டு பெட்டியில் கூண்டில்தான் வரவேண்டியிருக்கும். கட்டிலில் தூங்கிப் பழகிய நாயை அந்தக் கூண்டில் ஒரு இரவு முழுக்க அனுப்பாதீர்கள். விட்டுவிட்டுப் போவதென்றால், அதற்குப் பழகிய வீட்டிலேயே பழகிய ஒருவர் வந்து தங்குவதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. நாய் விடுதியில்தான் விடவேண்டும் என்றால் பொங்கல் வாரத்துக்கு முன்பே ஒரே ஒரு இரவு விட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் தூங்கும், இரவில் அங்கே ஆள் தங்குகிறாரா, தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களா என்று பாருங்கள். சான்று கேட்காத விடுதியில் விடாதீர்கள். உங்கள் நாய்க்குக் கேட்கவில்லை என்றால் பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்க மாட்டார்கள். கூண்டு இருமல் என்ற தொற்று ஒரு நாயிலிருந்து எல்லா நாய்களுக்கும் பரவும். வழக்கமான சாப்பாட்டையே கட்டிக்கொடுங்கள். நீங்கள் உடுத்திக் கழற்றிய துவைக்காத ஒரு சட்டையையும் வையுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பெர்ன்ஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், பழகிய மனிதரின் வாசனைக்கு நாய் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி மற்ற எல்லா வாசனைகளையும்விட அதிகமாக விழித்துக்கொண்டது. அந்த ஆள் அறையிலேயே இல்லாதபோது!

வேலைக்கு வரும் அக்காவைப் பற்றியும் நினைத்துப் பாருங்கள். நாமெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் நம் நாய் யாரோடு இருக்கிறது? பல வீடுகளில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்புவது அவர்தான். அது மந்தமாக இருப்பதை முதலில் கவனித்துச் சொல்வதும் அவர்தான். பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போகும் நாட்களில் லட்டு மாடிப்படி ஓசைக்குக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அவருக்கு விடுப்பு கொடுக்கவேண்டும், அது அவர் உரிமை. போகும் முன் நாயின் வழக்கங்களை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நமக்குத் தெரியாத நாலு விஷயம் அவரிடம் இருக்கும். நாயைப் பார்த்துக்கொள்வதற்கென்று பொங்கல் பணத்தில் தனியாகக் கூட்டியும் கொடுங்கள்.

உறவினர் யாராவது கிறிஸ்துமஸ் பரிசாகவோ புத்தாண்டுப் பரிசாகவோ குட்டி வாங்கிக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தடுத்து நிறுத்துங்கள். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே சொல்கின்றன. வெடியும் விருந்தும் ஆட்களும் நிறைந்த வாரத்தில் தாயைப் பிரிந்து வரும் குட்டிக்கு உலகம் முழுவதுமே பயமாகத் தெரியும். தை கழிந்து வீடு வழக்கத்துக்கு வந்தபிறகு, அந்தக் குடும்பத்தில் யார் தினமும் காலையில் எழுந்து நடக்கக் கூட்டிப்போவார் என்று கேட்டு, பெயர் சொல்லிப் பதில் வந்தபிறகு, வாங்கட்டும்.

கடைசியாக, விடுமுறை முடியும் நாளைப் பற்றி. விடுமுறை முழுக்க எல்லோரும் வீட்டில். காலையிலிருந்து இரவுவரை யாராவது கொஞ்சிக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடு காலி. குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போகும் நாய்களும், கதவைப் பிராண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும் நாய்களும் அதிகம் தெரியவருவது அந்த வாரத்தில்தான். விடுமுறையிலேயே தினமும் ஒரு அரைமணி நேரமாவது அதைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள். போகும்போது பெரிதாக விடைபெறவேண்டாம், வந்ததும் பெரிதாகக் கொண்டாடவேண்டாம். எழுவது, நடப்பது, சாப்பிடுவது, இந்த மூன்றின் நேரத்தை மட்டுமாவது விருந்துக்காகவும் தூக்கத்துக்காகவும் மாற்றாதீர்கள். நாம் இரவு இரண்டு மணிக்குப் படுத்தாலும் அதற்குக் காலை காலைதான். வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து கூட்டிப்போகவேண்டும். முறை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மடலைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் நாயின் கழுத்துப்பட்டையைப் பாருங்கள். அதில் உங்கள் கைபேசி எண் தெளிவாக, இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்ணாக, இருக்கிறதா? மைக்ரோசிப் போட்டிருந்தால் அதில் பதிந்த எண்ணும் அதுதானா? வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் எடுக்கிற இடத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் 31ஆம் தேதிக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். அன்றிரவு வாசற்கதவைத் திறக்கும் முன் நாய் எந்த அறையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திறக்கும்படி வீட்டிலுள்ள எல்லோரிடமும், வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
லட்டு வீட்டிலிருந்து,
உங்களில் ஒருத்தி